‘கிடைத்தது’ என்று சொல்லும் வரி

ஜூன் 4

அன்புள்ள அக்காவுக்கு,

இந்த மெயிலை மாமாதான் உனக்கு வாசித்துக் காட்டப்போகிறார் என்று தெரிந்தே எழுதுகிறேன். மாமா, மைதானத்தில் பிள்ளைகளை விரட்டும் குரலில் வாசிக்காமல் கொஞ்சம் நிதானமாக வாசியுங்கள். அறுவை சிகிச்சை ஆனது அவளுக்குக் கண்ணில்தான், காதில் இல்லை.

மாமா போட்ட சட்டத்துக்குக் கட்டுப்பட்டுத்தான் எழுதுகிறேன். "போன்ல பேசினா ரெண்டு பேரும் உடனே கத்த ஆரம்பிச்சிடுறீங்க. இவ கண்ணு சரியாகிற வரைக்கும் டென்ஷனே கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்கார். எதுவா இருந்தாலும் எழுதித் தொலைங்க" என்றார். அறுவை சிகிச்சைக்கு முந்தின நாள் ஆஸ்பத்திரி வராந்தாவில் நாம் போட்ட சண்டையை நர்ஸ்கள் எல்லாரும் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். அதற்குப் பிறகு அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

மாமா, வாசிப்பது உங்களுக்கே புரியாவிட்டால் அக்கா உங்கள் மேல் எரிந்துவிழுவாள். அதனால் முதலில் உங்களுக்கு ஒரு விளக்கம். எங்கள் ஆலோசனை மையத்தின் இணையதளத்தில் ஒரு பெண் தன் வீட்டுப் பிரச்சினையை எழுதி அனுப்பினால், அது நேராக ஆலோசகர் அம்மாவிடம் போய்விடாது. சர்வரில் அக்கா ஜாவாஸ்கிரிப்டில் எழுதிவைத்த சின்னச் சின்ன வேலைக்காரர்கள் வரிசையாக நிற்கிறார்கள். அவர்களுக்குத்தான் மிடில்வேர் என்று பெயர். ஒருவர் வந்ததைப் பிரிப்பார். அடுத்தவர் அதை அப்படியே ஒரு ஃபைலில் குறித்துக்கொள்வார். அவர் பெயர் லாகர். மூன்றாமவர் போன் நம்பர் இருக்கிறதா என்று பார்ப்பார். கடைசி ஆள், ஆலோசகர் அம்மா கூப்பிட வேண்டியவர்களின் பட்டியலில் சேர்ப்பார். ஒவ்வொருவரும் வேலை முடிந்ததும் 'நெக்ஸ்ட்' சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் விஷயம் அந்த இடத்திலேயே நின்றுவிடும். நீங்கள் நடத்தும் ரிலே ஓட்டம் மாதிரிதான். கட்டையைக் கொடுக்காவிட்டால் அடுத்த பையன் ஓட மாட்டான்.

இனி அக்காவுக்கு. உன் லாகரை நான் தூக்கிவிட்டேன். நீ மயக்க மருந்தில் இருந்த அன்றைக்கே தூக்கினேன். கேட்டால் சம்மதிக்க மாட்டாய் என்று தெரியும், அதனால் கேட்கவில்லை. அந்த ஃபைல் தினமும் சர்வரைப் பராமரிக்கிற ஆட்களிடம் போகிறது என்று ஆஸ்பத்திரியில் நான் தலையில் அடித்துக்கொண்டு சொன்னேன், நீ காதிலேயே வாங்கவில்லை. போன வாரம் அவர்கள் ஆபீசுக்குப் போயிருந்தேன். வேறு ஏதோ கோளாறைத் தேடுவதற்காக ஒரு பையன் அந்த ஃபைலைத் திறந்தான். திரை முழுக்க ஒரு பெண் எழுதியது. அவன் நாற்காலியைத் திருப்பி, "இவங்க எந்த ஏரியா சார்?" என்று கேட்டான். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை, சும்மா கேட்டான். எனக்கு உடம்பெல்லாம் கூசிவிட்டது. உன் பிடிவாதத்தால் அந்தப் பெண்ணின் வீட்டுக்குள் யாரோ எட்டிப் பார்த்துவிட்டான். இதற்கு நீதான் பொறுப்பு.

இப்போது ஒரு வேலை. சொந்த போன் இல்லாதவர்களும் எழுத வழி வேண்டும் என்று ஆலோசகர் அம்மா கேட்கிறார். நம்பர் இல்லாவிட்டால் நாம் திருப்பி அனுப்பிவிடுகிறோம் இல்லையா? என்ன செய்வது என்று சொல்.

தம்பி

*

ஜூன் 6

டேய் தம்பி,

நான் குப்புறப் படுத்துக்கொண்டு சொல்லச் சொல்ல உன் மாமா எழுதுகிறார். கண்ணுக்குள் விட்ட வாயுக்குமிழி விழித்திரையைத் தாங்கிப் பிடிக்க வேண்டுமாம், அதனால் முகம் தரையைப் பார்த்தே இருக்க வேண்டும். நடந்தாலும் குனிந்தே நடக்கிறேன். வீட்டுக்கு வருகிறவர்களை எல்லாம் செருப்பை வைத்துத்தான் அடையாளம் தெரிந்துகொள்கிறேன். மேல்வீட்டுக்காரருக்குக் குதிகால் எவ்வளவு வெடித்திருக்கிறது என்று எனக்கு மட்டும்தான் தெரியும்.

(மாப்பிள்ளை, இவள் பேசுவதை அப்படியே எழுதினால் யாருக்கும் புரியாது. கொஞ்சம் சீர்செய்து எழுதிப் போட்டோ எடுத்து அனுப்புகிறேன். – மாமா)

உன் கடிதத்தைக் கேட்டேன். இவ்வளவு சாந்தமாக எழுதியிருக்கிறாயே, உடம்பு சரியில்லையா? ஆஸ்பத்திரியில் பேசிய பேச்சுக்கு ஒரு மன்னிப்பாவது வரும் என்று பார்த்தேன். வரவில்லை, போகட்டும். மிடில்வேரை உன் மாமாவுக்குப் புரியவைத்துவிட்டாயே, அதற்காக ஆயிரம் மன்னிக்கலாம். பார்க்க வருகிறவர்களுக்கெல்லாம் இப்போது அவர்தான் பாடம் நடத்துகிறார்.

நம்பர் விஷயம். நம்பர் பார்க்கிற இடத்தில், நம்பர் இல்லாவிட்டால் திருப்பி அனுப்பாதே. அங்கேயே 'கிடைத்தது' என்ற பக்கத்தைக் காட்டி முடித்துவிடு. நெக்ஸ்ட் சொல்லி அடுத்த ஆளிடம் விடாதே. நம்பர் இல்லாமல் பட்டியலில் சேர்க்கப் போனால் சர்வர் படுத்துவிடும். நான் எழுந்து உட்காரும்வரை இந்த ஏற்பாடு போதும்.

(இந்த இடத்தில் வெகுநேரம் பேசினாள். சுருக்கியிருக்கிறேன். – மாமா)

சாப்பாட்டை மட்டும் நேரத்துக்குச் சாப்பிடு.

அக்கா

*

ஜூன் 7

அக்கா,

நீ சொன்னபடி செய்துவிட்டேன். ஓர் எழுத்துகூட என் இஷ்டத்துக்கு மாற்றவில்லை. நம்பர் இல்லாமல் ஒன்று அனுப்பிப் பார்த்தேன், 'கிடைத்தது' பக்கம் அழகாக வந்தது.

லாகரைத் தூக்கியதற்கு நீ ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. கிண்டல் மட்டும் அடித்துவிட்டு விட்டுவிட்டாய். உனக்குச் சம்மதம் என்று எடுத்துக்கொள்கிறேன். கேள்வி கேட்டால் 'சொன்னதைச் செய்' என்பாய், அதனால் நானும் எதுவும் கேட்கவில்லை.

தம்பி

*

ஜூன் 14

அக்கா,

காலையில் ஆலோசகர் அம்மா என் மேசைக்கு வந்து, "என்ன தம்பி, நம்பர் இல்லாம எழுதலாம்னு வச்சீங்க, ஒருத்தர்கூட எழுதலையா?" என்று கேட்டார். அவர் கேட்ட பிறகுதான் எனக்கு உறைத்தது.

நம்பர் இல்லாமல் வருவதை நான் எங்கேயும் வைக்கவில்லை. 'கிடைத்தது' என்று சொல்லிவிட்டு அப்படியே கீழே போட்டிருக்கிறேன். பட்டியலுக்கும் போகவில்லை, லாகரும் இல்லை. நீ எங்கே சேர்த்துவைக்கச் சொன்னாய்? உன் கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் படித்துப் பார்த்தேன், எங்கேயும் இல்லை.

சர்வருக்கு வெளியே வாசலில் ஒரு கணக்கு இருக்கிறதே, யார் எப்போது எந்தப் பக்கத்துக்கு வந்தார்கள் என்று, அதைப் புரட்டினேன். பட்டியலில் சேர்ந்தவர்களையும் நான் அனுப்பிப் பார்த்ததையும் கழித்தால், ஒருவர் எழுதியிருக்கிறார் அக்கா. ஒரே ஒருவர். என்ன எழுதினார் என்று அதில் இருக்காது. எவ்வளவு நீளம் என்று மட்டும் இருக்கும். நம் தளத்துக்கு இதுவரை வந்த எதுவும் அவ்வளவு நீளமில்லை. அந்த அம்மா உட்கார்ந்து எல்லாவற்றையும் எழுதியிருக்கிறார்.

யாரோ வீட்டில் போன் கிடைக்காத ஒருவர், எங்கேயோ ஒரு கம்ப்யூட்டரைப் பிடித்து, பயந்து பயந்து அவ்வளவையும் எழுதி அனுப்பியிருக்கிறார். கிடைத்தது என்று நாம் சொன்னோம். இப்போது யாராவது வருவார்கள் என்று அவர் காத்திருப்பார். பெயர் இல்லை, நம்பர் இல்லை, ஊர் இல்லை. திருப்பி அனுப்பியிருந்தாலாவது வேறு இடம் தேடியிருப்பார்.

மாமா, இதை அவளுக்கு வாசிக்கலாமா என்று தெரியவில்லை. ஆனால் வேறு யாரிடம் கேட்பேன்?

தம்பி

*

ஜூன் 15

தம்பி,

உன் கடிதத்தை வாசித்துக்கொண்டே வந்த உன் மாமா பாதியில் நின்றுவிட்டார். என்ன என்று கேட்டேன். எனக்கு அவருடைய கால் மட்டும்தான் தெரிந்தது. பிறகு அவர் தரையில் மல்லாந்து படுத்து, நான் தலை தொங்கவிட்டிருக்கும் கட்டிலின் கீழே நகர்ந்து வந்தார். இத்தனை நாளில் அப்போதுதான் அவர் முகத்தைப் பார்த்தேன். "நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன். கோபப்படாம கேளு" என்றார்.

நீ லாகரைத் தூக்கியதாக எழுதிய பாராவை அவர் எனக்கு வாசிக்கவே இல்லை. வாசித்தால் நான் குதிப்பேன், கண் போய்விடும் என்று பயந்திருக்கிறார். அடுத்த கடிதத்திலும் அதேதான். அதோடு நிற்கவில்லை. "நம்பர் இல்லாததெல்லாம் லாகர் ஃபைலில் இருக்கும், ஆலோசகர் அம்மாவை அங்கே பார்க்கச் சொல், அதனால்தான் அது வேண்டும் என்று அடித்துக்கொள்கிறேன், அதில் மட்டும் கை வைக்காதே" என்று நான் உனக்குச் சொன்னேன். அவர் சுருக்கியது அதைத்தான். அதை எழுதினால் நீ குதிப்பாயாம்.

(ஆமாம் மாப்பிள்ளை. வேண்டாததை விட்டுவிட்டு நல்லதை மட்டும் சொன்னால் ரெண்டு பேரும் சமாதானமாகிவிடுவீர்கள் என்று நினைத்தேன். இனி ஒரு வார்த்தையும் விட மாட்டேன். – மாமா)

எல்லாவற்றையும் முழுசாக வாசிக்கவைத்துக் கேட்டேன். உன் மேல் வந்த கோபத்தில் காது அடைத்துவிட்டது. நான் நினைவில்லாமல் கிடந்த நேரம் பார்த்துச் செய்திருக்கிறாய், அது உனக்கே நன்றாக இருக்கிறதா? கொஞ்சநேரம் கழித்து, அந்தப் பையன் கேட்ட கேள்வியை மறுபடி வாசிக்கச் சொன்னேன். நீ சொன்னபோதே கேட்டிருக்க வேண்டும்.

நான் ஏன் அந்த லாகரைப் பிடித்துக்கொண்டு தொங்கினேன் என்றும் தெரிந்துகொள். நீ வேலைக்கு வருவதற்கு முன்னால் சர்வர் ஒருநாள் பாதியில் படுத்துவிட்டது. ஒரு பெண் எழுதியது அதோடு போய்விட்டது. அவர் நேரிலேயே வந்து, "நான் எழுதினேனே, யாரும் ஏன் கூப்பிடலை?" என்று கேட்டார். சத்தம் போடவில்லை, தன் பேரில் ஏதோ குறை இருப்பதுபோலக் கேட்டார். அன்றைக்கு முடிவுசெய்தேன், வேறு எது நடப்பதற்கும் முன்னால் எல்லாவற்றையும் குறித்துக்கொள்ள வேண்டும் என்று. நான் பயந்தது தொலைந்துபோவதற்கு. நீ பயந்தது வெளியே தெரிந்துபோவதற்கு. இரண்டில் எது பெரிது என்று சண்டை போட்டோம், கடைசியில் அது தொலைந்தேபோயிற்று.

இப்போது செய்ய வேண்டியது. லாகரை அதன் இடத்தில் மறுபடி வை. ஆனால் அவர்கள் எழுதியதில் ஒரு சொல்கூட அது தொடக் கூடாது. ஒருவர் வந்தார், எந்த ஆள்வரை போனார், அவ்வளவு மட்டும் குறிக்கட்டும். நம்பர் இல்லாதவர்களுக்கு ஒரு தனிப் பெட்டி வை. அதைத் திறக்கும் சாவி ஆலோசகர் அம்மாவிடம் மட்டும் இருக்கட்டும். உன்னிடமும் வேண்டாம், என்னிடமும் வேண்டாம். வரிசையின் நடுவில் நிற்கிற யாருக்கும் 'கிடைத்தது' என்று சொல்ல உரிமை கிடையாது. கடைசி ஆள், பெட்டியில் போட்ட பிறகு, போட்டோம் என்று உறுதியான பிறகு மட்டும் சொல்ல வேண்டும். நடுவில் எங்கே தடுக்கி விழுந்தாலும் அதைப் பிடிக்க எல்லாருக்கும் பின்னால் ஓர் ஆளை நிறுத்து. 'சேரவில்லை, மறுபடி எழுதுங்கள்' என்று அவர் உண்மையைச் சொல்லட்டும்.

தளத்தின் முதல் பக்கத்தில் நடந்ததை எழுதிப் போடு. மழுப்பாமல் எழுது. அந்த அம்மா மறுபடி எட்டிப் பார்த்தால் அது ஒன்றுதான் நமக்கு வழி.

(ஓர் எழுத்தும் விடவில்லை. – மாமா)

அக்கா

*

ஜூன் 18

அக்கா,

நீ சொன்னதை எல்லாம் செய்தேன். இந்தமுறை சொன்னபடி செய்ததோடு நிற்காமல், அனுப்பிய ஒவ்வொன்றும் பெட்டிக்குள் போய் விழுந்ததா என்று ஆலோசகர் அம்மாவையே பக்கத்தில் உட்காரவைத்துத் திறந்து பார்க்கச் சொன்னேன். வேண்டுமென்றே நடுவில் உடைத்தும் பார்த்தேன். கடைசியில் நிற்கும் ஆள் பிடித்துக்கொண்டார்.

முதல் பக்கத்தில் போடுவதற்குத்தான் பெரிய ரகளை. மையத்தின் செயலாளருக்கு முகம் சிவந்துவிட்டது. "நாமே நம்ம மேல சேத்தை வாரிப் பூசிக்கணுமா? யாராவது கேட்டாங்களா? கேட்டா அப்போ பாத்துக்கலாம்" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் ஆலோசகர் அம்மா, "கேக்க முடிஞ்சவங்க ஏன் சார் இங்க எழுதப்போறாங்க?" என்றார். செயலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு, "சுருக்கமா போடுங்க" என்று எழுந்து போய்விட்டார்.

நான் தேதி எல்லாம் போட்டு எழுதியிருந்தேன். ஆலோசகர் அம்மா அதை அடித்துவிட்டார். வீட்டில் யார் கண்ணிலாவது பட்டால், அன்றைக்கு நீ எங்கே போனாய் என்று கேள்வி வருமாம். எனக்கு அது தோன்றவே இல்லை. இப்போது இருப்பது இதுதான்:

"அண்மையில் போன் நம்பர் இல்லாமல் எங்களுக்கு எழுதியவர்களுக்கு: உங்கள் செய்தி கிடைத்தது என்று சொன்னோம். அது உண்மையல்ல. தவறு எங்களுடையது. நீங்கள் எழுதியது யார் கையிலும் இல்லை, யாரும் படிக்கவில்லை. தயவுசெய்து மறுபடி எழுதுங்கள், ஒரு வரி போதும். நேரிலும் வரலாம். பெயர் சொல்ல வேண்டாம்."

மாமா மேல் எனக்குக் கோபம் இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் அவர் மட்டுமா? பக்கம் வந்ததைப் பார்த்தேனே, உள்ளே போய்ச் சேர்ந்ததா என்று பார்த்தேனா? உன் மேல் இருந்த கடுப்பில், சொன்னதைச் செய்துவிட்டேன் என்று காட்டுவதே எனக்குப் பெரிதாக இருந்தது. அந்த அம்மாவை நான் நினைக்கவே இல்லை அக்கா. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

தம்பி

*

ஜூன் 22

தம்பி,

இது என் கையெழுத்து. நிமிர்ந்து உட்காரலாம் என்று சொல்லிவிட்டார்கள். ஒரு கண்ணை மறைத்துக்கொண்டு எழுதுகிறேன், வரிகள் மலை ஏறி இறங்கினால் பொறுத்துக்கொள். உன் மாமா அடுத்த அறையில் இருக்கிறார், இதை அவர் பார்க்கவில்லை. பார்க்கக் கூடாது என்றும் இல்லை.

மனிதர் நொந்துபோயிருக்கிறார். எதைக் கேட்டாலும் முழுசாகச் சொல்கிறார். நேற்று நம் சித்தி போனில் என்னைப் பற்றிச் சொன்னதை எல்லாம் ஒன்று விடாமல் வந்து ஒப்பித்தார். இதற்கு அந்தப் பழைய மனிதரே தேவலாம் போலிருக்கிறது. அவரிடம் ஒரு வார்த்தை அன்பாகப் பேசு.

லாகரைத் தூக்கியது சரி. கேட்காமல் தூக்கியது தப்பு. முதலாவதை நான் ஆஸ்பத்திரியிலேயே ஒப்புக்கொண்டிருந்தால் இரண்டாவதற்கு வேலையே இருந்திருக்காது. நான் பெரியவள் என்ற நினைப்பு, நான் எழுதிய வரிசை என்ற நினைப்பு. போதும்.

கண் திறந்ததும் உன்னைத் திட்ட வேண்டும் என்றுதான் இருந்தேன். ஆனால் தினமும் காலையில் எழுந்ததும் அந்த அம்மா நினைவுதான் வருகிறது. மறுபடி ஒருமுறை அவரால் வெளியே வர முடியுமா, எழுத இடம் கிடைக்குமா? நீளமாக எழுதியவருக்கு இன்னொரு முறை எழுத மனசு வருமா? எனக்கு வராது.

ஏதாவது வந்ததா?

அக்கா

*

ஜூன் 26

அன்புள்ள அக்காவுக்கு,

வந்தது.

நேற்றுக் காலையில் நான் உட்கார்ந்த கொஞ்சநேரத்தில் லாகரில் ஒரு வரி விழுந்தது. ஒருவர் வந்தார், நம்பர் இல்லை, கடைசிவரை போனார், பெட்டியில் சேர்ந்தது. அவ்வளவுதான் அதில் இருக்கிறது, அவ்வளவுதான் இருக்க வேண்டும் என்று நாம்தானே செய்தோம். நான் ஓடிப்போய் ஆலோசகர் அம்மாவைக் கூப்பிட்டேன். அவர் தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு திறந்து படித்தார். நான் வெளியே நின்றேன். வெளியே வந்தவர் கைப்பையை எடுத்துக்கொண்டார், செருப்பை மாட்டிக்கொண்டார்.

"அவங்கதானாம்மா?" என்று கேட்டேன்.

அவர் கதவருகில் திரும்பினார். "அது உங்களுக்குத் தெரியக் கூடாதுன்னுதானே தம்பி இவ்வளவும் பண்ணீங்க?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு இறங்கிப் போனார். மாடிப்படியில் அவ்வளவு வேகமாக அவர் இறங்கி நான் பார்த்ததில்லை.

எனக்கு அழுகை வந்துவிட்டது. தெரிந்துகொள்ள வேண்டும் என்று தவித்தேன். அவர்தான் என்று ஒரு வார்த்தை கேட்டால் இத்தனை நாள் பட்டது இறங்கிவிடும் போல இருந்தது. ஆனால் அது என் நிம்மதிக்காகத்தானே, அந்த அம்மாவுக்காக இல்லையே.

மாமாவிடம் நேற்றுப் போனில் பேசினேன். கேட்காமலே உங்கள் மேல்வீட்டுச் சேதி வரைக்கும் சொன்னார். சிரித்துவிட்டேன்.

இன்றைக்கு மதியம் ஆலோசகர் அம்மாவின் அறைக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே அவருடைய குரல் கேட்டது. பிறகு இன்னொரு குரல், தாழ்ந்த குரல், இடையில் நிற்காமல் பேசிக்கொண்டே இருந்தது. என் மேசைக்கும் அந்தக் கதவுக்கும் நடுவில் ஒரு பலகைத் தடுப்புத்தான். கொஞ்சம் காது கொடுத்திருந்தால் எல்லாம் கேட்டிருக்கும். ஒரு சொல் புரிவதற்குள் எழுந்து, சத்தமில்லாமல் வெளிக்கதவைச் சாத்திக்கொண்டு, படியில் போய் உட்கார்ந்தேன்.

அவர்தானா என்று எனக்குத் தெரியாது அக்கா. நீயும் கேட்காதே. வெகுநேரமாகப் படியிலேயே உட்கார்ந்திருக்கிறேன், உள்ளேயிருந்து யாரும் வரவில்லை, பேச்சு இன்னும் முடியவில்லை.

தம்பி